பாதி வருஷ டீச்சரும் ஏழு முட்டைக்கூடும்

என் அக்காவின் வேலை, மற்றவர்கள் இல்லாத இடத்தில் இருப்பது. இப்படிச் சொன்னால் பேயோட்டுகிற தொழிலோ என்று சிலர் பார்க்கிறார்கள். அதெல்லாம் இல்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவத்துக்கோ முட்டி ஆபரேஷனுக்கோ நீண்ட லீவில் போனால், அவர் திரும்பி வரும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அந்த ஆள் அக்கா. ஏழு வருஷத்தில் பதினோரு பள்ளிக்கூடங்கள். எதிலும் அரை வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. அவளுக்கு நான் வைத்த பெயர் 'பாதி வருஷ டீச்சர்'. முதல் தடவை சொன்னபோது சிரித்தாள். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவள் காதுபட நான் சொன்னதில்லை.

பாதி வருஷத்தில் என்ன நடக்கும் என்றால், எல்லாமே ஆரம்பிக்கும். ஒரு பள்ளியில் பிள்ளைகளை வைத்து அவரை விதை போட்டாள். அது பூத்தபோது வேறொரு டீச்சர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் ஒரு பையனோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். பெரிய முள் சரியாக வந்துவிட்டது. சின்ன முள் வருவதற்குள் லீவில் போனவர் வந்துவிட்டார். வகுப்புப் போட்டோ எடுக்கிற நாளில் அவள் எங்கேயும் இருந்ததில்லை. ஏழெட்டு வயசில் பிள்ளைகளுக்கு முன்பல் விழும் அல்லவா, அந்த ஓட்டை வாயோடு அவர்களை விட்டுவிட்டு வருவாள். முளைத்த பல்லைப் பார்த்ததே இல்லை. அவள் ஞாபகத்தில் இருக்கிற முந்நூறு பிள்ளைகளும் இன்னும் பொக்கை வாயோடுதான் சிரிக்கிறார்கள்.

ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்று அம்மா கேட்பாள். ஒரே ஒரு தடவை போனாள். முதல் பள்ளிக்கூடம், விட்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பெட்டி பென்சில் வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, அதிகாரி வந்தால் சொல்வதுபோல ஒரே குரலில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறாள். "நாற்காலி போட்டாங்கடி எனக்கு" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அன்றிலிருந்து, விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவளோடு ஒரே கட்டிலில் படுக்கிற தங்கை. பன்னிரண்டு வயசு இளையவள். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பரம் பேசிப் பிரிந்துவிட்டோம். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். கடைக்கு நேர் எதிரே ஒரு தொடக்கப் பள்ளி. நான் எதைப் பார்த்து ஓடினேனோ அதன் முகத்திலேயே தினமும் எட்டு மணி நேரம் விழிக்கும்படி ஆயிற்று. பொழுது போகாவிட்டால் மெஷினில் 'பழுது' என்று ஒரு காகிதம் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதலாளி இரண்டு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் எனக்கு 'வாலு' என்று பெயர். காரணம் கேட்காதீர்கள்.

அக்காவின் பதினோராவது பள்ளிக்கூடம் இந்த எதிர்ப் பள்ளிக்கூடமாக அமைந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். அக்கா வந்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, மூடாத ஒரு ஜன்னல்.

அறிவியல் புத்தகத்தில் மண்புழுவைப் பற்றி ஒரு பக்கமும் ஒரு படமும் இருந்தன. படத்தில் புழு, நூடுல்ஸ் விளம்பரம் மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு பீரியடில் வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம். அக்காவுக்கு அது வராது. குப்பை மக்க வைக்கிற இடத்தில் கேட்டு அறுபது மண்புழுக்களை ஒரு டப்பாவில் வாங்கி வந்தாள். அம்மா வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறவள். நூல்கண்டு போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதைக் காலி செய்து, மூடியில் ஓட்டை போட்டு, கிழித்த செய்தித்தாளும் மண்ணும் நிரப்பி, புழுக்களைக் குடிவைத்தாள். ஒரு ராத்திரி மட்டும் பெட்டி தையல் மெஷினுக்கு அடியில் இருந்தது. காலையில் அம்மா சிவப்பு நூல் எடுக்கக் கையை விட்டாள்.

"ரெண்டு டிகிரி வாங்கினது இதுக்காடி?" என்று அம்மா கேட்டாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"இதுக்குத்தாம்மா" என்றாள் அக்கா.

வகுப்பில் என்ன நடந்தது என்பதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. நகல் எடுத்த தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் தினமும் போய்விடுவேன். முதல் நாள் இரண்டிரண்டு பேருக்கு ஒரு தட்டு, தட்டில் ஈரக் காகிதம், காகிதத்தின் மேல் ஒரு புழு. தொடுவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாகப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வரவேண்டும். புழு மூச்சு விடுவது தோல் வழியாகத்தான், காய்ந்த கையால் தொட்டால் அதற்கு எரியும் என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள். இடைவேளையில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு ஓடுகிற தடியன் ஒருவன் இருந்தான். அவன் இரண்டு தடவை கை நனைத்துக்கொண்டு வந்தான். அப்படியும் தொடவில்லை. "அதுக்கு வலிச்சிடும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனையா நான் ரவுடி என்று நினைத்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்தது அளக்கிற வேலை. புழுவின் பக்கத்தில் நூலை வைத்து, நூலை ஸ்கேலில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருத்தி ஒன்பது சென்டிமீட்டர் என்றாள், அவளுடைய ஜோடி பதினாலு என்றான். அடிதடி ஆகிற நிலைமை. புழு நீளும், சுருங்கும். அக்கா இரண்டையும் பலகையில் எழுதி, இரண்டும் சரி, ரெண்டு பேரும் எப்போ அளந்தீங்கன்னு பக்கத்துல எழுதுங்க என்றாள். சரியான விடை இரண்டு இருக்கிற கணக்கை எனக்கு யாரும் போட்டதில்லை. போட்டிருந்தால் நான் இன்று ஜெராக்ஸ் மெஷினோடு நிற்கமாட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நின்றிருப்பேன்.

அப்புறம் ஒருநாள் கடையிலிருந்து மொடமொடப்பான தாள் கேட்டாள். படம் வரைகிறவர்கள் வாங்குகிற தாளில் கொஞ்சம் கொடுத்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வகுப்பில் சத்தமே இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற அறையில் சத்தமில்லை என்றால் யாரோ ஏதோ உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன். எல்லோரும் மேஜை மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார்கள். காய்ந்த தாளின் மேல் புழு ஊர்ந்தால் சத்தம் வருமாம். அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கிறது, அது தாளைப் பிறாண்டும். அக்கா என்னைப் பார்த்து, வா என்று கையைக் காட்டினாள். நானும் காதை வைத்தேன். ரொம்ப தூரத்தில் யாரோ பேனாவால் எழுதுகிற மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே இருந்தேன். கடையில் இரண்டு பேர் காத்திருந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

பெரிய ஆளா சின்னப் பிள்ளையா என்று கண்டுபிடிக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தாள். வளர்ந்த புழுவுக்குக் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே தடிப்பாக ஒரு பட்டை இருக்கும். பிள்ளைகள் அதை 'பெல்ட்' என்றார்கள். பெல்ட் போட்டிருந்தால் பெரிய ஆள், போடாவிட்டால் இன்னும் சின்னது. இதைக் கேட்கும்போது நான் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன். சரியாகக் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எதைத்தான் கவனித்தேன்.

வாரத்துக்கு ஒருநாள் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துச் செய்தித்தாளில் பரப்பி, என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்படி ஒரு நாள்தான் அது அகப்பட்டது. கண்டுபிடித்தது 'சந்தேகம்'. அந்தச் சிறுமி எதைப் பேசினாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பாள், அதுவே பெயராகிவிட்டது. விரல் நுனியில் ஒரு மஞ்சள் துணுக்கை வைத்துக்கொண்டு வந்து, "டீச்சர், ஒரு சந்தேகம். இது எறும்போட எலுமிச்சம்பழமா?" என்று கேட்டாள்.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு பக்கமும் கூராக, அச்சு அசல் எலுமிச்சம்பழம். மண்புழுவின் முட்டைக்கூடு. அக்கா அதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பற்றிப் பேசினாள். மொத்தம் ஏழு கிடைத்ததாம். மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவில் ஈரக் காகிதம் விரித்து ஏழையும் தனியாக வைத்திருக்கிறார்களாம். மூன்று வாரத்தில் பொரிக்கலாம், ஒரு மாதமும் ஆகலாம். லீவு டீச்சர் வருவதற்கு இன்னும் இருபத்தாறு நாள்.

"அந்த டீச்சர் பிரசவம் முடிஞ்சு வர்றதுக்குள்ள இந்தப் பிரசவம் ஆகணும், அவ்வளவுதானே?" என்றாள் அம்மா, வாயில் குண்டூசியைக் கடித்தபடி.

அக்கா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு தடவைம்மா. நான் ஆரம்பிச்சது ஒண்ணு முடியற அன்னிக்கு நான் அந்த ரூம்ல இருக்கணும்" என்றாள். அம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். துணியில் குத்திவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அந்த இருபத்தாறு நாளும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. வகுப்புச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பிள்ளைகள் தினமும் காலையில் டப்பாவைப் பார்த்து எண்ணிக்கை எழுதுவார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அதற்குக் கட்டம் போட்ட தாளை நகல் எடுத்துக் கொடுத்தது நான். தண்ணீர் தெளிக்க முறைவைத்தார்கள். மழை பெய்து குளிர் அடித்த அன்று தடியன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி டப்பாவின் மேல் போர்த்திவிட்டு, நடுங்கிக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு சொன்னான். கூடுகளின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகிக்கொண்டு வந்தது. அது நல்ல அறிகுறி என்று அக்கா சொன்னாள். இருபதாம் நாளில் 'நல்ல அறிகுறி' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். தலைமை ஆசிரியையைப் போய்க் கேட்டிருக்கிறாள், ஒரு வாரம் மட்டும் கூட இருந்துகொள்ளட்டுமா என்று. அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். ஒரு வகுப்பில் இரண்டு டீச்சர் இருந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை சாயங்காலம் அக்கா விடைபெறும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புழு படம் போட்ட அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டையும் வெட்டி முடித்துவிட்டு, முப்பத்திமூன்றாவதாக ஒன்றை வெட்டி, யாருக்கு என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சகிக்காவிட்டால் நான் ஏதாவது வாலுத்தனம் பண்ணித்தான் ஆகவேண்டும். என் உடம்பு வாகு அப்படி.

பாலத்துக்குப் பக்கத்தில் தூண்டில் கடை இருக்கிறது. மீனுக்குப் போடுகிற புழு வைத்திருப்பார்கள். இருப்பதிலேயே பொடிசாக நாலு கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த மீனுக்கு என்று கேட்டார். மூணாம் வகுப்புக்கு என்றேன். ஏதோ வகை மீன் என்று நினைத்துக்கொண்டு அவர் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால் தாள் கட்டோடு போனேன். காவலாளிக்கு நான் பழக்கம். அறையில் ஒருவரும் இல்லை. டப்பாவைத் திறந்து நாலு புழுக்களையும் ஈரக் காகிதத்தில் விட்டேன். ஏழு கூடும் அப்படியே இருந்தால் கணக்கு இடிக்குமே என்று நாலு கூடுகளை எடுத்து, நகல் தாள் துண்டு ஒன்றில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். கை நனைக்கவேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். அப்புறம் கடைக்குப் போய் வாசலில் நின்றேன்.

மணி அடித்துப் பத்து நிமிஷத்தில் கூச்சல் கேட்டது. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு தாள் கட்டைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். தலைமை ஆசிரியைகூட வந்துவிட்டார். பலகையில் யாரோ பெரிதாக 4 என்று எழுதியிருந்தார்கள். அக்கா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் இருபத்தொன்பது வயசு முகமாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறேன். அப்போது அது ஒன்பது வயசுக்குப் போயிருந்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் என்றும் நினைத்தேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்றது ஒரு குரல்.

அக்கா நிமிரவில்லை. "கேளு."

"குழந்தை ஏன் டீச்சர் பெல்ட் போட்டிருக்கு?"

கூச்சல் மெதுவாக அடங்கியது. தடியன் குனிந்து பார்த்தான். இன்னொருத்தி பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். நாலுக்கும் பெல்ட் இருந்தது. அது பொடிசாகவே இருக்கிற ஒரு வகைப் புழு. ஒவ்வொன்றும் பேரன் பேத்தி எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். சில குழந்தைகள் பெல்ட்டோடு பிறக்கும் என்றால் முப்பத்தொரு பேர் நம்பியிருப்பார்கள். தலைமை ஆசிரியையும் நம்பியிருப்பார். அவள் டப்பாவை மேஜையில் வைத்தாள். "நல்லா பாத்திருக்கே" என்று சந்தேகத்தின் தலையில் கையை வைத்தாள். "இது குழந்தை இல்ல. யாரோ அவசரப்பட்டுக் கொண்டுவந்து விட்டிருக்காங்க." பலகைக்குப் போய் 4ஐ அழித்துவிட்டு 0 என்று எழுதினாள். யார் டீச்சர், யார் டீச்சர் என்று பிள்ளைகள் துப்பறிய ஆரம்பித்தார்கள். அவள் வாசலைப் பார்த்தாள். தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். என் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என்னைத் திட்டுவாள் என்று நான்கைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வந்தாள், பையை மாட்டினாள், என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"மீதி நாலு எங்கே?"

அதுவரைக்கும் எனக்கு அது நினைவிலேயே இல்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். நாள் முழுக்க மெஷின் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நாலும் சுருங்கி, தீய்ந்த கடுகு மாதிரி கிடந்தன. அக்கா அவற்றை ஒரு மூடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடியும் தெளித்தாள். அம்மா மெஷினை நிறுத்திவிட்டாள்.

"சும்மா விளையாட்டுக்குத்தான்க்கா" என்றேன். "நீ பார்க்காம போயிடுவியேன்னு."

"ஒரு நிமிஷம் நான் நம்பிட்டேன்டி, வாலு" என்றாள். "அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அதனால உன்னைத் திட்டவும் முடியல."

திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை லீவு டீச்சர் வந்து வகுப்பை வாங்கிக்கொண்டார். கைப்பேசியில் தன் குழந்தையின் படங்களைக் காட்டினார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து, மூக்கு உங்களை மாதிரி என்றாள். புழுப் பெட்டியைக் காட்டியபோது அவர் இரண்டு அடி பின்னால் போனாராம். எனக்கு நெளியறது எதுவும் ஆகாது டீச்சர் என்றாராம். அக்கா ஒரு தாளில் என்னென்ன செய்யவேண்டும் என்று பதினோரு குறிப்பு எழுதியிருந்தாள். வெங்காயத் தோல் போடக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது, கை நனைக்காமல் தொடக்கூடாது. அதை நான்தான் நகல் எடுத்தேன், மூன்று பிரதி, தொலைந்துபோனால் இருக்கட்டும் என்று. மீதி மூன்று கூடுகளையும் அக்கா பூதக்கண்ணாடி வைத்து ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் வாசல் வரைக்கும் வந்தார்கள். நாலு பேருக்கு முன்பல் இல்லை. நான் எண்ணினேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு ஊரின் அந்தக் கோடியில் வேறு பள்ளிக்கூடம். யாரோ ஒரு டீச்சருக்குக் கால் முறிந்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். காலையில் அவள் பஸ் எங்கள் கடை வழியாகத்தான் போகும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கை காட்டுவாள், எதிர்ப்பக்கம் திரும்பமாட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டாள். நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், சாப்பாடு ஆறுது என்பாள்.

அவள் போன பதினோராவது நாள், லீவு டீச்சருக்குத் தேர்வுத்தாள் நகல் கொடுக்கப் போனேன். வகுப்பில் சத்தமே இல்லை. எல்லோரும் டப்பாவைச் சுற்றி, மூச்சு பட்டால் கெட்டுவிடும் என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள். தடியன் என்னை விரலால் கூப்பிட்டான். ஈரக் காகிதத்தில் ஒரு கூடு ஒரு முனையில் திறந்திருந்தது. பக்கத்தில் வெள்ளை நூல் துண்டு ஒன்று. அம்மாவின் ஊசியில் கோக்கலாம், அவ்வளவு மெல்லிசு. அது தலையைத் தூக்கியது.

நான் கடையைப் பூட்டிவிட்டு, மதியத்திலிருந்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மெஷினில் 'பழுது' ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். அக்கா தெருமுனையில் வரும்போதே எழுந்து நின்றேன்.

"பொரிச்சிடுச்சுக்கா."

அவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம்டி. இன்னொரு தடவை வேண்டாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அதைக் கேட்க எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. பதினேழு வருஷமாக நான் சொன்ன பொய்யெல்லாம் அந்தப் படியில் என் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"வெள்ளையா இருக்குக்கா" என்றேன். "வெள்ளைகூட இல்ல, கண்ணாடி மாதிரி. உள்ளே ஒரு சிவப்புக் கோடு ஓடுது. தலையிலேருந்து கடைசி வரைக்கும். அது துடிக்குது. விட்டு விட்டுத் துடிக்குது."

இதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை, அவர்களாகவே பார்க்கட்டும் என்று வைத்திருந்திருக்கிறாள். பையைத் தோளிலிருந்து இறக்கினாள். மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"யார் முதல்ல பார்த்தது?" என்று கேட்டாள்.

சந்தேகம்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள். ஆனால் சந்தேகம் அன்று காய்ச்சலில் வரவில்லை. "லீவு டீச்சர்" என்றேன். "காலையில தண்ணி தெளிக்கத் திறந்திருக்காங்க. அவங்க கையை நனைச்சுட்டு வந்து, காகிதத்தோட தூக்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டினாங்க."

"கை நடுங்கிச்சா?"

"ரொம்ப."

அக்கா தலையாட்டினாள். அப்புறம், கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததை எப்படியோ கேட்டுவிட்டாள்.

"பிள்ளைங்க யாராவது என்னைப் பத்தி ஏதாவது..."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தடியன்கூட. அவர்கள் கண்ணெல்லாம் அந்த நூல் துண்டின் மேல் இருந்தது. "இல்லக்கா" என்றேன்.

"ம்" என்றாள். "அந்த நேரத்துல யாருக்குத் தோணும்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், கண்ணையும் சேர்த்து. கொஞ்சம் நகர்ந்து, எனக்குப் படியில் இடம் விட்டாள்.

"முதல்லேருந்து சொல்லு. நீ வாசல்ல நுழையும்போது எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். சத்தமே இல்லாமல் இருந்ததைச் சொன்னேன், பொத்திய வாய்களைச் சொன்னேன், அது தலையைத் தூக்கியதைச் சொன்னேன். முடித்ததும் மறுபடியும் சொல்லச் சொன்னாள். அம்மா விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளே வாங்கடி என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் ஒரு வார்த்தை கூட்டவில்லை.